கழற்சிக்காய், மெட்ஃபார்மின், மாமியார்: எதை நிறுத்துவது?

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி, 3 பிப்ரவரி 2024

வயது 29, கல்யாணமாகி இரண்டு வருடம். பிசிஓஎஸ் (சினைப்பையில் நீர்க்கட்டி என்பார்களே, அது) என்று சொல்லி, சர்க்கரை நோய்க்கும் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நான்கு மாதமாக எடுக்கிறேன். பொங்கலுக்குத் திருநெல்வேலி போய் வந்த மாமியார் ஒரு கிலோ கழற்சிக்காய்ப் பொடி கொண்டுவந்திருக்கிறார். "இங்கிலீஷ் மருந்தைத் தூக்கிப் போடு, 48 நாள் இதைச் சாப்பிடு, எல்லாம் தானாகச் சரியாகும்" என்கிறார். வேண்டாம் என்றால் முகம் சுருங்குகிறது. சாப்பிட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: 3 பிப்ரவரி, இரவு 10.40

நான் சாப்பிட்டிருக்கிறேன். 2008-இல், எனக்கு 28 வயது. ஐந்து மாதம் தலைகாட்டாமல் இருந்த மாதவிடாய், கழற்சிக்காய் தொடங்கிய மூன்றாம் மாதம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. எனக்கு வேலை செய்தது என்றுதான் சொல்வேன்.

அப்போது அங் மோ கியோவில் அம்மாவோடு இருந்தேன். அம்மா லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா போய், மருந்துச் சாமான் கடையில் 48 கொட்டை எண்ணி வாங்கி வந்தார். நாளுக்கு ஒன்று, ஒரு மண்டலம். சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். பல்லால் கடித்தால் பல்தான் போகும். வாசல் நடைபாதையில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி முதல் நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், மூன்றாம் நாள் அவர் வீட்டிலிருந்து கனமான சுத்தியல் வந்தது. உள்ளே இருக்கும் பருப்போடு ஐந்து மிளகு வைத்து இடித்து, மோரில் கலக்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். பாகற்காய்க் கசப்பெல்லாம் இதன் முன்னால் பாயசம். காது வரைக்கும் ஏறும்.

மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

4 பிப்ரவரி, காலை 7.15

மறுபடி படித்தேன். ஒரு கிலோவா? மாமியார் செங்காங்கில் கடை போடப் போகிறாரா?

4 பிப்ரவரி, இரவு 9.05

இன்னொருவர் "நீர்க்கட்டி எத்தனை நாளில் கரையும்" என்று கேட்டிருக்கிறார். பாதி வம்பு இந்தப் பெயரால்தான். ஸ்கேனில் முத்துமாலை மாதிரி தெரிபவை கட்டிகளே அல்ல. மாதம் ஒரு முட்டைப்பை முழுதாக வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விட வேண்டும். இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடிக் கிடக்கும்போது பல பைகள் கொஞ்சம் வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. பாதியில் நின்ற பைகள், அவ்வளவுதான். கரைக்க அங்கே ஒன்றும் இல்லை.

2003-இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த கணக்குதான் இன்றைக்கும் அடிப்படை. மாதவிடாய் ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம், ஸ்கேனில் நிறைய சிறு பைகள். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போதும், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் கோளாறு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்துவிட்டு. ஆக, ஸ்கேன் சுத்தமாக இருப்பவருக்கும் பிசிஓஎஸ் இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கருவுறும் வயதுப் பெண்களில் 100-க்கு 8 முதல் 13 பேருக்கு இருக்கிறதாம். உங்கள் புளோக்கிலேயே ஒரு மின்தூக்கி நிறைய ஆள் தேறும்.

"கட்டியைக் கரைக்கும்" என்று டப்பாவில் எழுதியிருந்தால், எழுதியவருக்கு நோயே என்னவென்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6 பிப்ரவரி, மதியம் 1.20

"பயப்பட ஒன்றுமில்லை" என்று நான் எழுதியது கொட்டைக்கு. உங்களிடம் இருப்பது பொடி. இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்கு நேற்று எம்ஆர்டி ரயிலில்தான் உறைத்தது.

கொட்டையை நானே உடைத்தேன், உள்ளே இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பொடியில் யார் எதை அரைத்தார்கள்? அசோகப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாட்டுக்கு, அதாவது மாதவிடாயில் அதிகமாக ரத்தம் போவதற்கு, பேர்போனது. உண்மையான அசோக மரம் அருகிவிட்டது, அதனால் நெட்டிலிங்கப் பட்டையை அந்தப் பெயரில் தள்ளிவிடுவது மூலிகை வியாபாரத்தில் பழைய கதை. பள்ளிக்கூட வாசலில் ஈட்டி நட்டதுபோல நிற்குமே, அதுதான் நெட்டிலிங்கம். பலர் அதையே அசோக மரம் என்று நம்புகிறார்கள். பட்டையாக வாங்கினாலே இந்தக் கதி. பொடியாக்கிவிட்டால் தெய்வத்துக்குத்தான் தெரியும்.

அடுத்தது உலோகம். 2004-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் எலும்பில் போய்ப் படுத்துக்கொள்ளும், கர்ப்ப காலத்தில் எழுந்து ரத்தத்துக்கு வரும்.

"சிங்கப்பூரில் கண்ட மருந்தையும் விற்க விடுவார்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டப்பாவில் வரும் சீனப் பாரம்பரிய மருந்துகள் 1999 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. இந்திய, மலாய்ப் பாரம்பரிய மருந்துகளுக்கு முன் அனுமதி என்று ஒன்று கிடையாது. கன உலோகம் அளவைத் தாண்டக் கூடாது, ஆங்கில மருந்தை ஒளித்துக் கலக்கக் கூடாது. தாண்டினால் சுகாதார அறிவியல் ஆணையம் பிடிக்கும். வலி மருந்து என்று விற்றதில் ஸ்டீராய்டு இருந்ததாக எத்தனை முறை எச்சரித்திருக்கிறார்கள்! பிடிப்பது பிறகுதான். அலமாரியில் இருக்கிறது என்பதற்காக யாரோ சோதித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. மாமியார் பெட்டியில் வருவதற்கு அலமாரியும் இல்லை.

சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய 2000-இல் சட்டமே வந்தது. நம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கு அப்படிப்பட்ட பதிவு இங்கே இல்லை. இதைப் பற்றி எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. இன்னொரு நாள்.

10 பிப்ரவரி, மாலை 6.30

சீனப் புத்தாண்டு. அம்மா வீட்டுக்குப் போய், எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு ஜோடி ஆரஞ்சு கொடுத்துவிட்டு வந்தேன். சுத்தியல் கொடுத்த அதே ஆன்ட்டி, இப்போது 78 வயது. கழற்சிக்காய் ஞாபகம் இருக்கிறதா என்றேன். "அந்தக் கல்லுதானே" என்று சிரித்தார். அவருடைய மகளுக்கு மாதாமாதம் மாதவிடாய் முடிந்ததும் டாங் குவாய் என்ற சீன மூலிகை வேர் போட்ட கோழிச் சூப், நாள் தவறாமல் செம்பேரீச்சை டீ. நம் பாட்டிகள் "சூடு, வேண்டாம்" என்று ஒதுக்குவதை அவர்கள் "சூடு, வேண்டும்" என்று தேடிப்பிடித்துக் குடிக்கிறார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருக்கிறார்கள். (ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் டாங் குவாய் பக்கம் போகக் கூடாது. ரத்தப்போக்கு கூடும்.)

மலாய்த் தோழி ஒருத்தி பிரசவத்துக்குப் பிறகு மஞ்சாக்கானி சாப்பிட்டாள், கேலாங் சிராயில் வாங்கியது. என்னமோ ஏதோ என்று பார்த்தால் நம் மாசிக்காய்! குழந்தைக்கு உரைமருந்தில் ஓர் இழை இழைப்போமே, அதேதான். அங்கே தாய்க்கு, இங்கே பிள்ளைக்கு. காய் என்று பேர்தான். ஓக் மரக் கிளையில் ஒரு குளவி முட்டையிட்ட இடத்தில் எழும் வீக்கம் அது.

மரமஞ்சள் பற்றிக் கேட்டவருக்கு: அதிலிருக்கும் பெர்பெரின்தான் இப்போது "இயற்கை மெட்ஃபார்மின்" என்று மாத்திரையாக வருகிறது. சர்க்கரையைக் குறைப்பது உண்மை. ஆனால் பெர்பெரின் மூலிகைகளை இதே சிங்கப்பூரில் 1978-இல் தடை செய்தார்கள். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றியதற்கு அதையும் காரணமாகச் சந்தேகித்தார்கள். தடை 2010-களில்தான் விலகியது. கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் இன்றும் வேண்டாம் என்பதுதான் பேச்சு.

11 பிப்ரவரி, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. கழற்சிக்காய்க்குச் சங்கத் தமிழில் கழங்கு என்று பெயர். பெண்கள் வீசிப் பிடித்து விளையாடுவது. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. மகள் இளைக்கிறாள், சாப்பிட மாட்டேனென்கிறாள் என்றால் தாய், முருகன் பூசாரியான வேலனை அழைப்பாள். அவன் கழங்கை உருட்டிப் பார்த்து "முருகன் அணங்கு" என்பான், முருகன் பிடித்திருக்கிறான் என்று. ஆட்டை வெட்டு, வெறியாடு. அவளுக்கு வந்ததோ காதல் நோய். தோழிக்குத் தெரியும், வேலனுக்குத் தெரியாது.

அதே கொட்டையை வைத்து இரண்டாயிரம் வருடமாகத் தப்பாகக் குறி சொல்லிக்கொண்டிருக்கிறோமோ? சரி, தூங்கப் போகிறேன்.

17 பிப்ரவரி, மதியம் 3.10

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் "சொந்தக் கதை"யைத் தேதியோடு எழுதலாம் என்று 2008 டைரியைத் தேடி எடுத்தேன். காப்புறுதி முகவர் இலவசமாகக் கொடுத்த நீல அட்டை டைரி. அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

ஜூலை 22: பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது தொடங்கி நிற்கவே இல்லை. இருக்கையெல்லாம். ஆஸ்பத்திரி.
ஆகஸ்ட் 2: கருப்பை உட்சுவர் தடித்திருக்கிறதாம், சதை எடுத்துப் பார்த்தார்கள். கெட்டது இல்லை.
ஆகஸ்ட் 4: மெட்ஃபார்மின். வரவழைக்கும் மாத்திரை 7 நாள்.
ஆகஸ்ட் 17: வந்தது.
ஆகஸ்ட் 25: க.காய் முதல் நாள். வாந்தி.
செப்டம்பர் 12: க.காய் போதும். அம்மா கோபம்.
செப்டம்பர் 24: வந்தது.
நவம்பர் 1: வந்தது.

ஐந்து மாதம் வரவில்லை என்று எழுதினேன். ஏழு. 48 நாள் சாப்பிட்டேன் என்று இத்தனை வருடத்தில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். 19. எல்லாவற்றுக்கும் மேல், ஒழுங்கு திரும்பத் தொடங்கியது கழற்சிக்காய்க்கு முன்னால். போதாததற்கு அந்த வருடக் கடைசியில் "எடை 66" என்று ஒரு வரி. ஜூலையில் 71. தினமும் பீஷான் பூங்காவில் நடந்தது அப்படியே மறந்துபோய்விட்டது. உடல் எடையில் 100-க்கு 5 முதல் 10 குறைந்தாலே பலருக்கு முட்டை மறுபடி வெளியேறத் தொடங்குகிறது என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். நானும் அந்தக் கணக்கில்தான் இருந்திருக்கிறேன். நடைக்கும் மாத்திரைக்கும் போக வேண்டிய பெயரை 16 வருடமாகக் கொட்டைக்குக் கொடுத்து வந்திருக்கிறேன். ஏன்? மாத்திரை விழுங்கியது நினைவில் நிற்காது. சுத்தியலும் கசப்பும் நிற்கும்.

மேலே நான் எழுதிய "எனக்கு வேலை செய்தது" என்ற வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

17 பிப்ரவரி, இரவு 9.30

அந்த ஏழு மாதக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகவில்லை. அம்மா முதலில் கேட்டதே, "யாராவது பார்த்துவிட்டால்?" என்றுதான். கேகே ஆஸ்பத்திரி தேக்காவிலிருந்து நடக்கும் தூரம், ஞாயிற்றுக்கிழமை போனால் ஊரே எதிரில் வரும். 1966-இல் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 40,000 பிரசவம் பார்த்து உலக சாதனைப் புத்தகத்தில் ஏறிய இடம். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே பிள்ளைப்பேறுதான். கல்யாணமாகாதவள் அங்கே எதற்குப் போகிறாள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அவர்களாகவே ஒன்றை முடிவு செய்துகொள்வார்கள்.

ஆகவே ஓர் அத்தை சொன்ன வைத்தியர். மாடியில் ஓர் அறை, பெயர்ப்பலகை இல்லை. நாடி பார்த்து "கர்ப்பச் சூடு" என்றார். பெயர் ஒட்டாத லேகியம், மாதம் 120 வெள்ளி, ஆறு மாதம். "எப்போது கடைசியாக வந்தது" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லேகியம் கெடுதல் செய்ததா? எனக்குத் தெரிந்து இல்லை, நல்ல ஏலக்காய் வாசனை. ஆனால் முட்டை வெளியேறாத மாதங்களில் ஈஸ்ட்ரோஜென் மட்டும் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். அடங்கு என்று சொல்ல வேண்டிய புரோஜெஸ்ட்டிரோன் வராது. வருடக்கணக்கில் விட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த உட்சுவர் உதிர வேண்டும், தானாக உதிராவிட்டால் மாத்திரை கொடுத்தாவது உதிர்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரியவந்தது.

லேகியத்தை வாங்கினேன் என்பதைவிட, யாருக்கும் தெரியாமலிருக்க ஒரு வழி வாங்கினேன் என்பதே சரி. அதற்குத்தான் 720 வெள்ளி.

18 பிப்ரவரி, காலை 8.00

செங்காங் தங்கச்சி, குழந்தைக்கு முயற்சி செய்கிறேன் என்று இப்போதுதானே சொல்கிறீர்கள்! அப்படியானால் பேச்சே வேறு.

பொடி வேண்டாம். கழற்சிக்காய் கருவை என்ன செய்யும் என்று மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்ததாக நான் எங்கும் படித்ததில்லை. விலங்குகளில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது, நீங்களோ ஏற்கெனவே மெட்ஃபார்மின் எடுக்கிறீர்கள். மெட்ஃபார்மினைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் விடுங்கள். ஃபோலிக் அமிலம், நாளுக்கு 400 மைக்ரோகிராம், இன்றே தொடங்கலாம். உங்களுக்குக் கூடுதல் அளவு வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை வரவில்லை என்றால் அதைத் தூண்ட இப்போது முதலில் கொடுப்பது லெட்ரோசோல் மாத்திரை.

அப்புறம், பிசிஓஎஸ்காரர்கள் ஏமாறும் ஓர் இடம். முதலில் முட்டை, இரண்டு வாரம் கழித்துத்தான் ரத்தம். மாதக்கணக்கில் வராமலிருந்து, திடீரென்று வந்த முதல் முட்டையிலேயே கரு தங்கலாம். "இன்னும் வரவில்லையே" என்று பொடியைக் கலக்குவதற்கு முன்னால் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியை வாங்குங்கள்.

மலைவேம்புச் சாறு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. அதே இனத்தில், பார்க்க அதே மாதிரி ஒரு மரம் உண்டு, அதன் காய் நஞ்சு. இலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

25 பிப்ரவரி, மாலை 5.00

"அக்கா நீங்கள் மூலிகைக்கே எதிரியாகிவிட்டீர்களா" என்று ஒருவர். இல்லை தாயே. என் சமையல்கட்டுக்கு வந்து பாருங்கள்.

சுக்கு இருக்கிறது. 2009-இல் வந்த ஓர் ஈரானிய ஆய்வில் மாதவிடாய் வலிக்கு இஞ்சிப்பொடியையும், நாம் பான்ஸ்டான் என்று வாங்குகிறோமே அந்த மெஃபனாமிக் அமிலத்தையும், இபுபுரோஃபெனையும் ஆளுக்கு 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு கேட்டன. சின்ன ஆய்வுதான், ஆனாலும் பாட்டிக்கு ஒரு மதிப்பெண். என் 13 வயது மகளுக்கு முதல் நாளே சுக்குக்காப்பி போட்டுவிடுவேன். கேட்கவில்லை என்றால் பான்ஸ்டான், கௌரவம் பார்ப்பதில்லை.

புதினா இருக்கிறது. தேக்கா ஈரச்சந்தையில் கட்டாக விற்கும் அதே புதினாதான் ஸ்பியர்மிண்ட். 2010-இல் 42 பேரை வைத்து நடந்த ஆய்வில் நாளுக்கு இரண்டு கோப்பை, 30 நாள். ஆண் ஹார்மோன் குறைந்தது. முகத்து முடி குறைந்ததாக அவர்களுக்குத் தோன்றியது, அளந்து பார்த்தவருக்குத் தோன்றவில்லை. 30 நாளில் முடி குறையாது என்பதும் நியாயம்தான். நான் ஆறு மாதம் குடித்தேன். முடி அப்படியே இருக்கிறது, வாய் மணக்கிறது.

உளுந்தங்களி இருக்கிறது. கருப்பட்டி, நல்லெண்ணெய், உளுந்து. மகள் வயதுக்கு வந்தபோது அம்மா வந்து பத்து நாள் கிண்டினார். ஹார்மோனுக்கு என்ன செய்ததோ, புரதமும் கொழுப்பும் உள்ளே போனது. அதைவிட, கிண்டிக்கொண்டே அவளிடம் அம்மா பேசிய பேச்சில் கால்வாசியை என்னிடம் 1992-இல் பேசியிருந்தால் நான் அந்த மாடி ஏறியிருக்கவே மாட்டேன். ஒவ்வொரு மாதமும் தேதியை எழுதிவை என்று அவளுக்குச் சொன்னதும் அம்மாதான்.

16 மார்ச், இரவு 10.10

அமுக்கரா (அஸ்வகந்தா) பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் தொடாதீர்கள், ஹார்மோன் அளவை ஏற்றிவிடக்கூடும். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் தடையே போட்டது. எனக்கு 44, இப்போதே இரவில் மின்விசிறி ஐந்தில் ஓடுகிறது, அமுக்கரா வாங்கிவா என்று அலுவலகத்தில் தினம் ஒருத்தி சொல்கிறாள். வாங்கவில்லை.

14 ஏப்ரல், இரவு 8.45

புத்தாண்டுக்கு அம்மா வீடு. செங்காங் தங்கச்சியின் செய்தியைப் பார்த்தேன், மாமியாரே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாராம். டாக்டரிடம் பொடி டப்பாவை நீட்டி "இது என்னவென்று சொல்லுங்கள்" என்றாராம். அந்த மாமியார் கை கொடுக்க வேண்டிய ஆள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மகள் பல்லாங்குழியை எடுத்துவந்தாள். சோழி போதவில்லை என்று அம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய மைலோ டின்னைக் கொடுத்தார். திறந்தால் கழற்சிக்காய். 2008 சரக்கு, ஒரு புழு கிடையாது. எண்ணினேன். 27. நான் சாப்பிட்டது 19, வாங்கியது 48. இரண்டு குறைகிறது.

டைரியும் பொய்யா என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "நீ அந்த மூஞ்சி சுளிச்சியே, நெசமாவே அவ்வளவு கசப்பான்னு நானும் ரெண்டு நாள் குடிச்சுப் பார்த்தேன்."